பொய்க்காதல் நாவல் எழுதுவது எப்படி: எதிரெதிர் குணமுள்ள இருவரை ஒரு பொய்யில் மாட்டிவிட முழுமையான வழிகாட்டி

ஃபேக் டேட்டிங் என்று ஆங்கிலத்தில் புழங்கும் கதைவகை தமிழில் பொய்க்காதல், நடிப்பு நிச்சயம், ஒப்பந்தக் கல்யாணம் என்று பல வேடங்களில் தொடர்கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு தேவை இருக்கும் இருவர் ஊர் முன்னால் ஜோடியாக நடிப்பார்கள், நடிப்பு நிஜமாகும். முடிவு என்னவென்று வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரியும். தெரிந்தும் அடுத்த யூடி (புது அத்தியாயப் பதிவு) எப்போது என்று கேட்கிறார்கள். நடிப்பில் எந்த இடத்தில் நிஜம் கசிகிறது என்பதை நாயகனும் நாயகியும் உணர்வதற்கு முன்பே தாங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். முதல் சில அத்தியாயங்கள் பறக்கும். பத்தாவது அத்தியாயம் வாக்கில் வண்டி நின்றுவிடும். பெரும்பாலும் எழுத்து நடை காரணமாக இருக்காது. வேலையை எந்த வரிசையில் செய்தார்கள் என்பதில்தான் கோளாறு. இந்த வழிகாட்டியும் அதனால் கதை ஓடும் வரிசையில் போகாமல், நீங்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய வரிசையில் போகிறது.

விளக்கத்துக்காக ஒரே கதையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தேன்மொழி. கல்யாண மேடை அலங்காரத் தொழில் செய்யும் சரவணன். அவனுடைய ஜிஎஸ்டி கணக்கு அவள் மேசைக்குத்தான் வருகிறது.

எழுத உட்காருவதற்கு முன்

மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, கதை நடக்கும் ஊர். "ஒரு நகரம்" என்று எழுதினால் போதாது. எந்த ஊர், எந்த மாதிரித் தெரு, யார் வீட்டுக்கு யார் சொல்லாமல் வந்து போவார்கள் என்பது வரை தெரிய வேண்டும். பொய் உறவுக்கு ஆபத்து எப்போதும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும்.

இரண்டு, இருவரின் தொழில். அவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்க ஒரு நியாயமான காரணத்தைத் தொழில்தான் கொடுக்கும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதி ஒரு படிவம், 20ஆம் தேதி இன்னொன்று. சரவணன் பில்களை மஞ்சள் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு கடைசி நாள் ஓடி வருகிறவன். மாதத்துக்கு இரண்டு சண்டைக் காட்சி உங்களுக்குச் சும்மாவே கிடைத்துவிட்டது.

மூன்று, ஒரு தமிழ் நாள்காட்டி. எதற்கு என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

1. முதலில் முரண், அப்புறம்தான் பொய்

எல்லோரும் பொய்யிலிருந்து தொடங்குகிறார்கள். அதுதான் குஷியான பகுதி. "அவன் எல்லோர் முன்னாலும் இவள்தான் என் வருங்கால மனைவி என்று சொல்லிவிடுகிறான்" என்று ஒரு காட்சி மனதில் விழுந்ததும் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் இருவருக்கும் குணம் ஒட்டுகிறார்கள்: அவன் சிடுமூஞ்சி, அவள் வாயாடி. அவன் பணக்காரன், அவள் ஏழை. அவனுக்குக் காபி, அவளுக்கு டீ.

இவையெல்லாம் வித்தியாசங்கள். கதையைத் தள்ளும் முரண் இவற்றில் இல்லை. வாயாடியும் சிடுமூஞ்சியும் நாலு காட்சி சிரிக்க வைப்பார்கள், அதற்கு மேல் அந்தக் குணங்களுக்கு வேலை இருக்காது. உங்கள் கதையின் இயந்திரம் ஒரு பொய். அப்படியென்றால் இருவரும் எதிரெதிராக நிற்க வேண்டிய இடமும் அந்தப் பொய்யைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். பொய் சொல்வதில், மறைப்பதில், மறுப்பதில், ஊருக்குப் பயப்படுவதில் இவர்கள் எப்படி வேறுபடுகிறார்கள் என்று கேளுங்கள்.

தேன்மொழிக்கு யாரிடம் வேண்டுமானாலும் "முடியாது" என்று சொல்ல வரும். பொய் மட்டும் வராது. சொல்ல முயன்றால் காது சிவந்துவிடும். சரவணன் நேர் எதிர். எந்தப் பொய்யும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல மாட்டான். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபத்துக்கு ஒப்புக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடுவான்.

இதை முடிவு செய்ததுமே கதையின் பாதை தெரிந்துவிடுகிறது. அவள் பொய் சொல்லியாக வேண்டும். அவன் ஒருநாள் மறுத்தாக வேண்டும். ஒருவருக்கு இயல்பாக வருவதுதான் மற்றவருக்கு உயிர்போகும் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் முதலில் எரிச்சலோடும், பிறகு கொஞ்சம் பொறாமையோடும், பிறகு வேறு மாதிரியும் பார்ப்பதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. எதிரெதிர் குணங்கள் ஈர்க்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இவளிடம் இல்லாத எது அவனிடம் இருக்கிறது, அதைப் பார்க்கும்போது அவளுக்கு ஏன் வலிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. முரண் என்ற பெயரில் நாயகனைக் கொடுமைக்காரனாக்கி, அவனைத் திருத்தும் பொறுப்பை நாயகி தலையில் கட்டும் வழக்கம் நம் தொடர்கதைகளில் அதிகம். ஆன்டி ஹீரோ என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அதற்கென வாசகர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பொய்க்காதல் கதையில் இருவரும் சம அளவில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் கையில் மட்டும் சாவி இருந்தால் அது நடிப்பாக இருக்காது, சிறையாகிவிடும்.

2. மற்ற கதவுகளை மூடுங்கள்

பொய்யைக் கேட்டதும் வாசகர் மனதில் எழும் முதல் கேள்வி: "ஏன், உண்மையைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன?" இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கும் கதையில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தக் கேள்வி திரும்ப வரும்.

ஆகவே இருவருக்கும் தனித்தனியாக, நேர்மையான வழிகள் எவை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஏன் அடைபட்டது என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். தேன்மொழி வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றவள். இப்போது தங்கைக்கு மனதுக்குப் பிடித்த இடம் கூடி வருகிறது. "மூத்தவ இருக்கறப்ப இளையவளுக்கு எப்படிங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் தயங்குகிறார்கள். தங்கைக்காக யாரையாவது கட்டிக்கொள்வது ஒரு வழி, அதை அவள் செய்ய மாட்டாள். அவர்களோடு சண்டை போடுவது இன்னொரு வழி, போட்டால் தங்கைதான் அழுவாள்.

சரவணனுக்கு அத்தை மகள் இருக்கிறாள். அத்தைதான் வளர்த்தவர், தொழில் தொடங்க நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர். மகளை அவனுக்கே கொடுப்பதாக வீட்டில் பேச்சு. அவன் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அந்தக் கடன் இல்லாவிட்டால் இந்தக் கதை இரண்டே பக்கம்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, அந்த அத்தை மகளை வில்லியாக்குவது. நாயகன் அவளை வேண்டாம் என்பதற்குக் காரணம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது, அதனால் அவன் மறுக்க வேண்டிய கஷ்டம் காணாமல் போய்விடுகிறது. அவளை நல்ல பெண்ணாகவே வையுங்கள். நல்லவளை மறுப்பதுதான் அவனுக்கு நிஜமான சோதனை.

3. பொய் வாயிலிருந்து வரும் நொடி

நாற்பது அத்தியாயத் தொடர் என்றால் மூன்றாவதுக்குள் பொய் வந்துவிட வேண்டும். வாசகர் அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

அந்த நொடி இருவர் குணத்திலிருந்தும் பிறக்க வேண்டும். தற்செயல் மட்டும் போதாது. தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பில் பையோடு சரவணன் வாசலில் நிற்கிறான். "பெரியவளுக்கு ஏன் இன்னும் அமையல?" என்ற கேள்விக்குத் தேன்மொழி வாயடைத்து நிற்பதைப் பார்க்கிறான். யாராவது தவிப்பதைப் பார்த்தால் அவன் வாய் சும்மா இருக்காது: "அமையாம என்னங்க, எங்க வீட்ல ஒரு வார்த்தை பேசிட்டு வரலாம்னு இருந்தோம்."

இதுவரை அவன் பங்கு. இதோடு நிறுத்தினால் நாயகி வெறும் பாவப்பட்ட பெண்ணாகிவிடுவாள். அவள் மறுக்க வாயெடுக்க வேண்டும், தங்கை முகத்தைப் பார்க்க வேண்டும், மறுக்காமல் விட வேண்டும். அந்த மௌனம் அவளுடைய முதல் பொய். இனி வருவதற்கெல்லாம் அவளும் பொறுப்பு.

4. எந்த அளவு பொய்: காதலா, நிச்சயமா, கல்யாணமா

புதியவர்கள் யோசிக்காமல் தாண்டிவிடும் படி இது. மூன்றுக்கும் விளைவுகள் வேறு வேறு.

"காதலிக்கிறோம்" என்ற பொய் சென்னை ஐடி அலுவலகத்தில் செல்லும். ஈரோட்டுக் கூடத்தில் அதற்கு ஆயுள் ஒரு வாரம்தான். அடுத்த ஞாயிறே பெரியவர்கள் தட்டோடு வந்துவிடுவார்கள். "பேசி முடித்தாகிவிட்டது, நாள் மட்டும் குறிக்கவில்லை" என்பதுதான் நம் ஊரில் மிகவும் வசதியான நிலை. ஜோடியாக வெளியே போகலாம், வீட்டுக்கு வரலாம், உறவினர் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஆனால் தாலி ஏறவில்லை, திரும்ப வழி இருக்கிறது.

தமிழ் நாள்காட்டி இங்கேதான் உதவும். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சை நெருக்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆனி கடைசியில் தொடங்கிய பொய்க்கு ஆடி முழுக்க மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆவணி பிறந்ததும் "நாள் பார்க்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். "தை பிறக்கட்டும்" என்று தள்ளலாம். தைக்கு மேல் தள்ள முடியாது. இப்படிப் பொய்க்கு முடிவுத் தேதி தானாகவே அமைந்துவிடுகிறது. தேதி இல்லாத பொய்யில் பதற்றம் இருக்காது.

ஒப்பந்தக் கல்யாணம்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். "ஆறு மாசம் சேர்ந்து இருப்போம், அப்புறம் டைவர்ஸ்" என்று வசனம் வராத ஒப்பந்தக் கதை அபூர்வம். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 14ஆம் பிரிவுப்படி, விதிவிலக்கான சூழல் தவிர, கல்யாணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவே போட முடியாது. பரஸ்பரச் சம்மதம் என்றால் 13பி பிரிவு: குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பிறகு ஆறு மாத இடைவெளி. அந்த ஆறு மாதத்தைச் சூழ்நிலை பார்த்து நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்படிக் கூட்டினாலும் உங்கள் நாயகனின் ஆறு மாதக் கணக்கு உதைக்கும்.

முத்திரைத்தாளில் போடும் அக்ரிமென்ட்டும் அப்படித்தான். பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 23ஆம் பிரிவு. பிரிவதற்காகவே கட்டிக்கொள்ளும் ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. நாயகன் அந்தத் தாளைக் காட்டி மிரட்டும்போது நாயகி ஒரு வக்கீலிடம் கேட்டாலே கதை முடிந்துவிடும்.

இன்னொரு பொறி: இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டின் 1967 திருத்தத்தின் வழியாக வந்த 7ஏ பிரிவு. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவித்தோ, மாலையோ மோதிரமோ மாற்றியோ, தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. "நண்பர்கள் முன்னால் சும்மா மாலை மாற்றிக்கொண்டோம், அது கல்யாணமே இல்லை" என்று உங்கள் பாத்திரங்கள் நினைக்கலாம். வேறு யாராவது அப்படி நினைக்காமல் போகலாம். இதைத் தெரிந்தே பயன்படுத்தினால் அருமையான திருப்பம். தெரியாமல் எழுதினால் வக்கீல் வாசகர் ஒருவர் வந்து நிற்பார்.

பதிவுத் திருமணத்தில் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அலுவலகத்தில் ஒட்டுவார்கள். ரகசியமாக நடிக்க நினைப்பவர்களுக்கு அதைவிடப் பகிரங்கமான இடம் வேறில்லை. அமெரிக்க மாப்பிள்ளை, விசாவுக்காகக் கல்யாணம் என்று போனால் இன்னும் ஜாக்கிரதை: குடியேற்றத்துக்காகப் பொய்க் கல்யாணம் செய்தால் அங்கே ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். கலகலப்பான கதைக்கு இந்தச் சுமை தாங்காது.

தேன்மொழி–சரவணன் கதைக்குப் பேசி முடித்த நிலையே போதும் என்று விட்டுவிடுகிறேன்.

5. விதிகளை அவர்களே எழுதட்டும்

பொய் தொடங்கிய அன்றோ மறுநாளோ இருவரும் உட்கார்ந்து விதி பேசும் காட்சி கட்டாயம். எதிர்காலத்தில் எதெல்லாம் உடையப்போகிறது என்று வாசகருக்குக் கொடுக்கும் பட்டியல் அது. ஒவ்வொரு விதியும் பின்னால் ஒரு காட்சி. உடைக்கப்போகாத விதியை எழுதாதீர்கள்.

"தொடக் கூடாது" என்ற விதியை எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் முரணிலிருந்து வரும் விதிதான் இதைவிடச் சுவை. தேன்மொழி கேட்பாள்: "நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா நீங்க பதில் சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்." சரவணன் தலையாட்டுவான். அவன்தான் எதற்கும் தலையாட்டுகிறவனாயிற்றே. இந்த விதி உடையும் நாளில், அதாவது அவனைக் காப்பாற்ற அவளே வாய் திறந்து, காது சிவக்காமல் ஒரு பொய்யைச் சொல்லும் நாளில், வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்று விதி போதும். பத்து எழுதினால் ஏழு விதியை நீங்களே மறந்துவிடுவீர்கள்.

6. சாட்சிகளை நியமியுங்கள்

பொய் உறவு என்பது ஒரு நாடகம். பார்ப்பவர்கள் யார் என்று தெரியாமல் நாடகம் எழுத முடியாது. "குடும்பம்" என்று மொத்தமாக நிறுத்தாமல் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: முழுசாக நம்புகிறவர், சந்தேகப்படுகிறவர், உண்மை தெரிந்தவர்.

முழுசாக நம்புகிறவர்தான் கதையின் கனம். தேன்மொழியின் அமுச்சி, அதாவது பாட்டி, பேத்திக்கு ஒரு வழி பிறந்ததே என்று சரவணனுக்காக முறுக்கு சுட்டு வைக்கிறார். அதை அவன் ருசித்துச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் பொய்யின் விலை ஏறுகிறது. வாசகருக்கு வில்லன் மேல் வரும் பயத்தைவிட இந்தக் கிழவி மனசு நொறுங்கிவிடுமே என்ற பயம்தான் அதிகம் வேலை செய்யும்.

சந்தேகப்படுகிறவருக்கு நியாயமான காரணம் இருக்கட்டும். சரவணனின் தொழில் கூட்டாளி, அவன் பொய் சொல்லும் விதத்தை வருடக்கணக்காகப் பார்த்தவன் என்றால் போதும். உண்மை தெரிந்தவர் தங்கையாக இருக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். அவளுக்காகத்தான் பொய்யே. தெரிந்தால் அடுத்த நிமிடம் அவளே நிறுத்திவிடுவாள்.

ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. சங்க அகப்பாடல்களில் அலர் என்று ஒன்று வரும், ஊரார் பேசும் பேச்சு. அங்கே காதல் நிஜம், ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள், பேச்சு கிளம்பி அவர்களைக் கல்யாணத்தை நோக்கித் தள்ளுகிறது. நம் பொய்க்காதல் கதையில் பேச்சு முதலில் கிளம்பிவிடுகிறது, காதல் பின்னால் ஓடி வருகிறது. தள்ளும் கை மட்டும் அதே ஊர்தான். ஆகவே ஊர்ப் பேச்சை அலங்காரமாக விடாமல் வேலை வாங்குங்கள். மளிகைக்கடையில் ஒருவர் "மாப்பிள்ளை எப்படி இருக்காருங்க?" என்று கேட்பதும், அவள் தன்னை அறியாமல் "சளி பிடிச்சிருக்கு" என்று பதில் சொல்வதும் ஒரு முழுக் காட்சிக்குச் சமம்.

7. நெருக்கத்துக்குப் படி கட்டுங்கள்

இந்த வகைக் கதையின் பெரிய சலுகை: காதலைச் சொல்லாமலே ஜோடி நெருங்கி நிற்கலாம். போட்டோவுக்காகத் தோள் உரசலாம், அத்தை பார்க்கிறார் என்று இலையில் இனிப்பு எடுத்து வைக்கலாம். "நடிப்புக்குத்தானே" என்ற சாக்கு இருவரையும் காப்பாற்றுகிறது. வாசகர் மட்டும் அந்தச் சாக்கை நம்புவதில்லை.

புதியவர்கள் இந்தச் சலுகையை முதல் பத்து அத்தியாயத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள். அணைப்பு, முத்தம், ஒரே அறையில் தங்கல் எல்லாம் முடிந்துவிட்டால் மிச்சத்துக்கு என்ன இருக்கிறது? ஒரு தாளில் படிகளை எழுதி, ஒவ்வொன்றும் எந்த அத்தியாயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறைந்தது ஒரு பின்வாங்கலாவது இருக்கட்டும்.

தமிழில் எழுதுகிறவருக்குத் தொடுதலைவிட நுட்பமான ஒரு கருவி உண்டு: அழைக்கும் முறை. சார், மேடம், பெயர், நீங்க, நீ, என்னங்க, வா, போ என்று எத்தனை தூரங்களைக் காட்ட முடிகிறது! கொங்குப் பக்கம் சின்னவர்களைக்கூட வாங்க போங்க என்பதால், அந்த "ங்க" எப்போது உதிர்கிறது என்பது இன்னும் பெரிய செய்தி. தேன்மொழி பிறர் முன்னால் நடிப்புக்காக "என்னங்க" என்பாள், தனியே வந்ததும் "சரவணன், பில் எங்க?" என்பாள். ஒருநாள் யாரும் இல்லாத இடத்திலும் "என்னங்க" என்று வந்துவிட, இருவரும் அதைக் கேட்காதது போல இருப்பார்கள். முத்தத்துக்கு முன்னால் இதை வையுங்கள்.

ஒரு பிழையை மட்டும் தவிருங்கள். முதல் அத்தியாயத்திலேயே "டா, டீ" என்று தொடங்கிவிட்டால் இந்த ஏணியையே எடுத்துப் பரணில் போட்டதாக ஆகும்.

8. சாட்சி இல்லாத காட்சி

கதையின் நடுவில், இருபதாவது அத்தியாயம் வாக்கில், பார்க்க யாருமே இல்லாத இடத்தில் அவர்கள் ஜோடியாக நடந்துகொள்ள வேண்டும். நடிப்பு நிஜமானதற்கு இதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இந்தக் காட்சி இல்லாத வரைவுகளில், திடீரென்று ஒரு அத்தியாயத்தில் "அவளுக்குள் ஏதோ மாறியிருந்தது" என்று வரும். ஏன் மாறியது என்று யாருக்கும் தெரியாது.

முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரி. சத்தியமங்கலம் மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறிவிட்டது, ஆள் ஒருவன் வரவில்லை, வழக்கம்போல சரவணன் இரண்டு மண்டபத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். விடியற்காலை மூன்று மணி, காலி மண்டபம். தேன்மொழி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் அங்கே இருக்க எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அவனுக்குப் போன் வருகிறது, மூன்றாவதாக ஒரு வேலை. அவன் "சரிங்க" என்று சொல்லப் போகும்போது அவள் கையை நீட்டிப் போனை வாங்கி, "முடியாதுங்க" என்று வைக்கிறாள். அவன் சிரிக்கிறான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறான்.

இருவர் குணமும், தொழிலும், முரணும் இந்த ஒரே காட்சியில் வேலை செய்கின்றன. முதல் படியில் நேரம் செலவழித்தவர்களுக்கு இந்தக் காட்சி சுலபமாக வரும்.

9. பொய் உடையும் இடம்

இங்கேதான் அதிகக் கதைகள் படுத்துவிடுகின்றன. யாரோ போனில் பேசுவதைப் பாதி கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது, பழைய காதலி ஏர்போர்ட்டில் இறங்குவது, அக்ரிமென்ட் தாள் அலமாரியிலிருந்து விழுவது. இவை எந்த ஜோடிக்கும் நடக்கலாம். அதனாலேயே இந்த ஜோடிக்கு ஒட்டாது.

பொய்யை உடைப்பவர் இருவரில் ஒருவராக இருக்க வேண்டும், தன் குணத்தினாலேயே உடைக்க வேண்டும். நம் கதையில் அது தேன்மொழி. தங்கை நிச்சயம் முடிந்த மறுநாள், அமுச்சி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி "இது உனக்கும் மாப்பிள்ளைக்கும்" என்று கொடுக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சரவணனைக் கேட்கவில்லை. அவனுக்கோ, அதற்குள் அது பொய்யாகவே இல்லை. "எல்லாம் நடிப்புன்னு சொல்லிட்டீங்களா? எல்லாமேயா?"

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கவனியுங்கள். அவள் நேர்மையாகத்தான் நடந்தாள். அவன் காயப்பட்டதும் சரிதான். வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும்படி இருந்தால் இந்த அத்தியாயம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிரிவை நீட்டாதீர்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று அத்தியாயம். அதற்குள் மற்ற சாட்சிகளின் கோபத்தையும் காட்டிவிட வேண்டும். அமுச்சி பேசாமல் இருக்கட்டும். ஏமாந்தவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அடுத்த யூடியிலேயே எல்லோரும் சிரித்து மன்னித்துவிட்டால் இவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும்.

10. சேர்வதற்கு முன் ஆளுக்கொரு கடன்

சந்தோஷமான முடிவு இந்த வகையின் நிபந்தனை. காதலே மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்று ரொமான்ஸ் நாவலுக்கு இரண்டே அடையாளங்கள் வைத்தது அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம். சோகமாக முடித்துப் புதுமை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு வேறு வகைக் கதைகள் இருக்கின்றன.

ஆனால் மழையில் ஓடி வந்து கட்டிப்பிடித்தால் மட்டும் சேர்ந்ததாகாது. முதல் படியில் எழுதிய முரணுக்கு இங்கே கணக்கு முடிக்க வேண்டும். சரவணன் அத்தை எதிரில் உட்கார்ந்து, பொய்க் காதலியின் பின்னால் ஒளியாமல், "முடியாதுங்க அத்தை" என்று சொல்ல வேண்டும். நகைக்கடனை எந்த மாதம் எவ்வளவு திருப்புவேன் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேன்மொழியோடு சேர்வதற்காக என்று இல்லாமல், அவள் திரும்ப வருவாளா என்று தெரியாதபோதே இதைச் செய்ய வேண்டும். வரிசை முக்கியம். அவள் சம்மதித்த பிறகு செய்தால் அது சௌகரியம் மட்டுமே.

தேன்மொழிக்கு வேண்டாம் என்பதைச் சொல்லத் தெரியும். வேண்டும் என்பதை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதைச் சாட்சிகள் முன்னால், அமுச்சியின் மௌனத்துக்கு எதிரில் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் நம்பாமல் போகலாம், ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர்கள்தானே. அந்த அவநம்பிக்கை வசனத்துக்கு நல்ல உப்பு.

11. தொடராகப் போடுகிறீர்கள் என்றால்

எட்டாவது, ஒன்பதாவது படிகளின் காட்சிகளைத் தொடர் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு பதிவு என்று வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் வீட்டில் காய்ச்சல் வந்தால், அவசரத்தில் முதலில் கெடுவது இந்த இரண்டும்தான்.

பார்வைக்கோணத்தை மாற்றி மாற்றி எழுதுவது நல்லது, ஆனால் ஒரே நிகழ்ச்சியை இருவர் பார்வையிலும் திரும்பச் சொல்லாதீர்கள். முதல் பாதியில் யாருக்கு அதிகச் சங்கடமோ அவர் பார்வையில் எழுதுங்கள். எட்டாவது படிக்குப் பிறகு, யார் அதிகம் மறைக்கிறார்களோ அவருடைய பார்வையைக் கொஞ்சம் தவிர்த்துவிடுங்கள்.

கருத்துகளில் "சீக்கிரம் சேர்த்து வைங்க" என்று கேட்பார்கள். கேட்கட்டும், தாளில் குறித்த படிகளை மாற்ற வேண்டாம். "இவ ஏன் இப்படிப் பண்றா, புரியலையே" என்று பலர் சொன்னால் மட்டும் இரண்டாவது படிக்குத் திரும்பிப்போய், எந்தக் கதவைச் சாத்தாமல் விட்டீர்கள் என்று பாருங்கள்.

எபிலாக், அதாவது முடிவுக்குப் பின் வரும் பகுதி, ஒன்றே போதும். வளைகாப்பு, இரட்டைக் குழந்தை, பத்து வருடம் கழித்து என்று மூன்று நான்கு போடும் பழக்கம் இருக்கிறது. அந்த ஒன்றிலும் கல்யாண மேடையைக் காட்டுவதைவிட, 20ஆம் தேதி சாயங்காலம் பில் பையைத் தேடி அவர்கள் போடும் சண்டையை எழுதலாம்.